எரர் வந்தா ஃபார்மட் தானா?

"அண்ணா, அப்டேட் ஆக மாட்டேங்குது. ஒரே சிவப்பு சிவப்பா எழுத்து வருது."

"விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும்மா. ஃபார்மட் பண்ணிடலாம். நாளைக்கு சாயங்காலம் வா."

இந்த இரண்டு வரிப் பேச்சு கேட்காத கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மட்டும் விதிவிலக்கா என்ன? ஜுரம் என்று போனால் உடனே ஊசி போடுவது மாதிரி, எரர் என்று போனால் உடனே ஃபார்மட்! அது என்ன ஜுரம் என்று கேட்பவர் குறைவு.

சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். அப்டேட் தோற்கும்போது திரையில் வரும் எரரைப் படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்று கல்லூரி சொல்லித்தர வேண்டும். இந்த இரண்டும் நடக்காததால் நன்றாக ஓடக்கூடிய கம்ப்யூட்டர்கள் பரண் ஏறுகின்றன. அதைவிட மோசம், நன்றாகப் படிக்கக்கூடிய மாணவர்கள் "நமக்கு கம்ப்யூட்டர் வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நெட்டுக்குப்பத்தில் ஒரு லேப்டாப்

எண்ணூரில் கடலோரமாக, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் கிராமம் நெட்டுக்குப்பம். சுற்றிலும் துறைமுகம், அனல் மின் நிலையம், தொழிற்சாலைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணெய்க் கசிவு வந்தபோது படகும் வலையும் எண்ணெயில் தோய்ந்து, பிழைப்பு நின்று போன ஊர்களில் இதுவும் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் புது லேப்டாப் வாங்குவது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய செலவு என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. அவளிடம் இருப்பது அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அதில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அண்ணன் வேலைக்குப் போனபின் யாரோ அதில் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் ஓடும்.

லேபில் பவர்ஷெல் சொல்லித்தருகிறார்கள். மவுஸால் சொடுக்குவதற்குப் பதில் கட்டளையை டைப் செய்து வேலை வாங்கும் இடம் அது. மைக்ரோசாஃப்ட் இதை 2006-ல் வெளியிட்டது. 2016-ல் இதன் மூலநிரலையும் திறந்துவிட்டு லினக்ஸிலும் ஓட வைத்தது. ஒரே மாதிரி வேலையை நூறு கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவர்களுக்கு இது தெரியாமல் முடியாது. சிஸ்டம் அட்மின் வேலை தேடுகிறவருக்கு இது சோறு போடும் பாடம்.

அவள் வீட்டுக்கு வந்து முதல் காரியமாக, உதவிக் குறிப்புகளைத் தரவிறக்கும் "அப்டேட்-ஹெல்ப்" என்ற கட்டளையைத் தருகிறாள். திரை முழுக்கச் சிவப்பு!

சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது?

பெரும்பாலும் அங்கே வரும் எரரின் சாரம் இதுதான்: "இஎன்-ஐஎன் என்ற மொழிக்கான உதவித் தகவல் கோப்பை எடுக்க முடியவில்லை. உங்கள் நெட்வொர்க் இணைப்பைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் முயலவும்."

கடைசி வரியை மட்டும் படித்தவர் என்ன நினைப்பார்? நெட் இல்லை என்று. மொபைல் ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுவார். சிம் மாற்றிப் பார்ப்பார். மொட்டைமாடிக்குப் போவார். மறுபடியும் அதே சிவப்பு.

முதல் வரியைப் படித்தவருக்கு விஷயம் அங்கேயே இருக்கிறது. "இஎன்-ஐஎன்" என்றால் இந்திய ஆங்கிலம். இந்தியாவில் விண்டோஸ் போடும்போது பலரும் தேர்ந்தெடுக்கும் மொழி அது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, அந்த மொழிக்கென்று தனி உதவிக் கோப்பைத் தேடிப் போகிறது. அப்படி ஒரு கோப்பு வெளியிடப்படவே இல்லை. அமெரிக்க ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கட்டளையோடு "யுஐ கல்ச்சர்" என்ற குறிப்பைச் சேர்த்து "இஎன்-யுஎஸ்" என்று கொடுத்தால் வேலை முடிந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதும் சில மாட்யூல்களுக்கு எரர் வரலாம். அவற்றுக்கு ஆன்லைனில் உதவிக் கோப்பே இல்லாமல் இருக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப் போகாது. இன்னொன்றும் உண்டு. ஒரே நாளில் இரண்டாம் முறை அதே கட்டளையைக் கொடுத்தால் அது வேலை செய்யாமலே திரும்பி வந்துவிடும், ஒரு நாளைக்கு ஒரு முறைதான் என்று விதி வைத்திருப்பதால். "ஃபோர்ஸ்" என்று சேர்த்தால்தான் மறுபடி முயலும். இது தெரியாதவர் "சரியாயிடுச்சு போல" என்று ஏமாறுவார்.

ஆக, இங்கே கம்ப்யூட்டரில் எந்தப் பழுதும் இல்லை. சென்னையில் இருப்பவர் தன் ஊரைச் சரியாகச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது! இதற்கு ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபடி அதே இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபடி அதே எரரில் வந்து நின்றிருக்கும். நடுவில் அண்ணன் கல்யாண போட்டோவும் அவளுடைய ப்ராஜெக்டும் போயிருக்கும்.

வாசல் மாறிய கதை

அடுத்த வகை எரர் இன்னும் வேடிக்கை. பவர்ஷெல்லுக்கான மாட்யூல்கள் எல்லாம் "பவர்ஷெல் கேலரி" என்ற பொதுக் கிடங்கில் இருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை நிறுவப் போனால், "பேக்கேஜ் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றோ "நீங்கள் தேடியதற்குப் பொருத்தமாக எதுவும் இல்லை" என்றோ வரும். பெயரில் எழுத்துப்பிழையோ என்று பத்துத் தடவை டைப் செய்து பார்ப்பவர்கள் உண்டு.

நடந்தது என்ன? 2020 ஏப்ரலில் பவர்ஷெல் கேலரி தன் வாசலை மாற்றிக்கொண்டது. இணையத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதில் 1.0, 1.1 என்ற பழைய பதிப்புகள் பாதுகாப்பில்லாதவை என்று கேலரி நிறுத்திவிட்டது. 1.2 அல்லது அதற்கு மேல் பேசத் தெரிந்தால்தான் உள்ளே அனுமதி. பழைய அமைப்பில் இருக்கும் விண்டோஸ் பவர்ஷெல், 1.2 பேசத் தெரிந்திருந்தும் பழக்கதோஷத்தில் 1.0-லேயே ஆரம்பிக்கிறது. வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறது. திரும்பி வந்து "கிடங்கே காணோம்" என்று சொல்கிறது!

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். நேற்று வரை செல்லுபடியான பாஸ் இன்று செல்லாது என்றால், லாரியில் பழுதா? சரக்கில் பழுதா? புது பாஸ் வாங்கினால் முடிந்தது. இங்கேயும் அப்படியே. "1.2-ஐப் பயன்படுத்து" என்று பவர்ஷெல்லுக்கு ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, அதே சன்னலில் மீண்டும் முயன்றால் போய்விடும்.

இதில் மென்பொருள் செய்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. "உன் டிஎல்எஸ் பழசு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "பொருத்தமாக எதுவும் இல்லை" என்று சொல்வது நேர்மையான எரர் அல்ல. எரரைப் படிக்கக் கற்றுக்கொள்பவர், சில எரர்கள் பொய் சொல்லும் என்பதையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

கூடவே பிறந்த மாட்யூல்

மூன்றாவது வகை. மாட்யூல்களை நிறுவித் தருவதற்கென்றே "பவர்ஷெல்கெட்" என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. விண்டோஸ் 10-ல் அதன் 1.0.0.1 என்ற ஆதிகாலப் பதிப்பு கூடவே வருகிறது. அதை அப்டேட் செய்யச் சொன்னால், "இது இன்ஸ்டால்-மாட்யூல் மூலம் நிறுவப்படவில்லை, ஆகவே அப்டேட் செய்ய முடியாது" என்கிறது. பொய் சொல்லாத, நேர்மையான எரர் இது. தான் நிறுவியதைத்தான் அது அப்டேட் செய்யும். விண்டோஸோடு பிறந்ததைத் தொடாது. அப்படியானால் அப்டேட் என்று கேட்காமல், புதிதாக நிறுவு என்று கேட்க வேண்டியதுதான். பழையது பழைய இடத்தில் இருக்கும், புதியது பக்கத்தில் வந்து உட்காரும். பவர்ஷெல்லை மூடித் திறந்தால் புதியதை எடுத்துக்கொள்ளும்.

சோதனை எழுதப் பயன்படும் "பெஸ்டர்" மாட்யூலிலும் இதே சிக்கல், கூடுதலாக ஒரு முடிச்சோடு. விண்டோஸோடு வரும் பெஸ்டர் 3.4.0-ல் மைக்ரோசாஃப்டின் கையெழுத்து இருக்கிறது. புதிய பெஸ்டரில் அதை உருவாக்குபவர்களின் கையெழுத்து. கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்து பவர்ஷெல் சந்தேகப்பட்டு நிறுத்திவிடுகிறது. வெளியீட்டாளர் சோதனையைத் தாண்டச் சொல்லும் ஒரு குறிப்பைச் சேர்த்தால்தான் நிறுவும். இந்த ஒரு இடத்தில், காரணம் தெரிந்து, அப்படித் தாண்டுவதில் தப்பில்லை. காரணம் தெரியாமல் எல்லா இடத்திலும் தாண்டுவதுதான் ஆபத்து. அதற்குப் பிறகு வரலாம்.

லினக்ஸ் போட்டால் தப்பிக்கலாமா?

"விண்டோஸே இப்படித்தான், லினக்ஸ் போடு" என்று வகுப்பில் ஒருவராவது சொல்வார். அந்த லேப்டாப்பிலேயே லினக்ஸ் இருந்ததே! சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. லினக்ஸ் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்டேட் தோல்வி அங்கேயும் உண்டு. காரணங்கள்தான் வேறு:

1. கடிகாரம். வருடக்கணக்கில் பரணில் கிடந்த லேப்டாப்பில், மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். நேற்று வெளியான கோப்பைக் காட்டினால் "இது இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று சொல்லும். பாவம், அதன் கணக்குப்படி அது எதிர்காலத்திலிருந்து வந்த கோப்பு! தேதியைச் சரிசெய்தால் போதும்.

2. காலாவதியான சான்றிதழ். 2021 செப்டம்பர் 30-ல் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பல பழைய கருவிகள் நல்ல இணையதளங்களையே நம்ப மறுத்தன. இதற்கு மருந்து, வேர்ச் சான்றிதழ்த் தொகுப்பைப் புதுப்பிப்பது.

3. வீடு மாறிய கிடங்கு. டெபியன் தன் பழைய பதிப்புகளை ஒரு காலத்துக்குப் பின் வழக்கமான சர்வர்களிலிருந்து எடுத்து ஆவணக் கிடங்குக்கு மாற்றிவிடும். 9-ஆம் பதிப்பான ஸ்ட்ரெட்ச் 2023-ல் அப்படிப் போனது. பழைய முகவரிக்கே போய்க் கேட்டால் "404" என்றுதான் வரும். முகவரியை மாற்றினால் பேக்கேஜ்கள் கிடைக்கும். ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. புதிய பதிப்புக்கு மாறுவதே முறை.

4. பாதியில் நின்ற வேலை. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய், பேட்டரியும் செத்தால், அடுத்த முறை டீபிகேஜி இடைமறிக்கப்பட்டது என்று எரர் வரும். எந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த எரரே சொல்லும்! அப்படியே திருப்பி டைப் செய்தால் போதும்.

5. பூட்டு. "லாக் கிடைக்கவில்லை" என்றால் பின்னணியில் வேறொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்கக்கூடாது. இரண்டு பேர் ஒரே கணக்கு நோட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

6. இடமில்லை. டிஸ்க் நிரம்பியிருக்கும். பழைய வீடியோ நாலு அழித்தால் தீர்ந்தது.

ஆறு காரணத்தில் ஒன்றுக்காவது ஃபார்மட் தேவைப்படுகிறதா?

சீலை உடைக்கச் சொல்லும் வைத்தியர்கள்

ஃபார்மட்டுக்கு அடுத்தபடியாக இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும் வைத்தியம், சோதனையையே நிறுத்துவது. கையெழுத்து இல்லாத பேக்கேஜையும் ஏற்றுக்கொள், சான்றிதழைப் பார்க்காதே, எந்த ஸ்கிரிப்ட் வந்தாலும் ஓடவிடு... இவை எல்லாவற்றுக்கும் குட்டிக் குட்டிக் கட்டளைகள் இருக்கின்றன. கொடுத்தவுடன் சிவப்பு மறைந்துவிடும். அதனால்தான் அவை பிரபலம்.

துறைமுக வாசலில் கன்டெய்னர் சீலின் எண்ணைப் பேப்பரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எதற்கு? வழியில் யாரும் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ள. பேக்கேஜில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தும் அந்த சீல்தான். சீல் பொருந்தவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். லாரி க்யூ நீளமாக இருக்கிறது என்பதற்காக, இனிமேல் சீலே பார்க்க வேண்டாம் என்று யாரும் உத்தரவு போடுவதில்லை.

அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதற்கும் 2017-ல் பதில் கிடைத்தது. அந்த வருடம் மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் அப்டேட் செய்யாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் அடுத்து என்ன என்று முடிவெடுத்தே ஆக வேண்டிய நேரம் இது. அப்படி முடிவெடுக்க எரரைக் கண்டு பயப்படாத மனசு வேண்டும்.

கடைக்காரர் பக்கத்து நியாயம்

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது எளிது. அவர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஃபார்மட் செய்தால் எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும், கண்டிப்பாக வேலை முடியும், சில நூறு ரூபாய் கிடைக்கும். எரரைப் படித்துக் காரணம் தேடினால் பத்து நிமிடமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். "ஒரு வரி டைப் பண்ணதுக்கு ஐந்நூறு ரூபாயா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்தான் அதிகம். அறிவுக்குக் காசு கொடுக்காத இடத்தில் ஃபார்மட்டுதான் வியாபாரம் ஆகும்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு சுவர் உண்டு. எரர் முழுக்க ஆங்கிலம், அதிலும் சுற்றி வளைத்த ஆங்கிலம். ஆனால் இந்தச் சுவர் பார்க்கத்தான் உயரம். எரரில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் முப்பது நாற்பதுக்கு மேல் இருக்காது. அவற்றுக்கு அர்த்தம் தெரிந்தால் முக்கால்வாசி எரர் புரிந்துவிடும். அந்த நாற்பது சொல்லை ஒரு பக்கத்தில் தமிழில் விளக்கிக் கொடுக்க எந்தக் கல்லூரிக்கும் செலவு ஆகாது.

ரெக்கார்ட் நோட்டில் இடமில்லை

உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. லேபில் எல்லாம் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கும். நெட் பல இடங்களில் இருக்காது, இருந்தாலும் ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும். மாணவர் ப்ரோக்ராமை டைப் செய்வார், அவுட்புட் வரும், ரெக்கார்ட் நோட்டில் எழுதுவார், கையெழுத்து வாங்குவார். எரர் வந்தால்? பக்கத்து சிஸ்டத்துக்கு மாறி உட்காரச் சொல்வார்கள். மூன்று வருடப் படிப்பில் ஒரு எரரைக்கூட முழுசாகப் படிக்காமல் பட்டம் வாங்கிவிட முடியும்.

வேலைக்குப் போன முதல் வாரத்தில் என்ன நடக்கிறது? அவுட்புட் தானாக வரும் வேலைக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. வராததை வரவழைப்பதற்குத்தான் சம்பளம். கல்லூரி கற்றுக்கொடுத்ததற்கும் வேலை கேட்பதற்கும் நடுவில் உள்ள பள்ளம் இதுதான்.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு லேப் ரெக்கார்டிலும் ஒரே ஒரு பக்கம் எரருக்கு ஒதுக்கலாம். வந்த எரர் என்ன, முதல் வரி என்ன சொல்கிறது, எந்த மூன்று காரணங்களைச் சந்தேகித்தார், எதை எப்படிச் சோதித்தார், எது சரியானது, ஏன். இதற்கு ஐந்து மார்க் கொடுத்தால் போதும். வேண்டுமென்றே தேதியை மாற்றி வைத்த, டிஸ்கை நிரப்பி வைத்த நாலு பழைய சிஸ்டங்களை லேப் மூலையில் போட்டு, "இதை ஃபார்மட் செய்யாமல் சரி செய்" என்று செய்முறைத் தேர்வில் கேட்கலாம். பழைய சிஸ்டத்துக்கு எந்தக் கல்லூரியிலும் பஞ்சமில்லை!

2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் முதல் எரரிலேயே பரண் ஏறினால் அந்தக் கருவியால் என்ன பயன்? கருவியோடு சேர்த்து எரர் படிக்கும் பழக்கத்தையும் கொடுத்தால்தான் அது பத்து வருடம் உழைக்கும், தங்கைக்கும் போய்ச் சேரும்.

சின்னக் குறையைக் கவனிப்பதால் எவ்வளவு பெரிய நன்மை வரும் என்பதற்கு 2024 மார்ச் மாதச் சம்பவம் ஒன்று போதும். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தன் டெபியன் சிஸ்டத்தில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். போகட்டும் என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற பேக்கேஜின் புதிய பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. அது உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குப் பரவும் முன்பே தடுக்கப்பட்டது. அரை விநாடி! அதற்கு எரர்கூட வரவில்லை.

நெட்டுக்குப்பம் கரையில் காலை வேளையில் நின்றால் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். வலை கிழிந்தால் முதலில் எங்கே கிழிந்தது என்றுதான் தேடுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் எடுத்துப் பின்னுகிறார்கள். ஒரு கிழிசலுக்காக முழு வலையையும் தூக்கிப் போட்டால் குடும்பம் நடத்த முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு எரரைப் படிக்கும் பொறுமை புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை. அது வீட்டிலேயே இருக்கிறது. லேபில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.